கடலுக்குப் போகும் வண்டி

ஆகஸ்ட் 4, ஞாயிறு

என் அப்பா ஊரையெல்லாம் கடலுக்குக் கூட்டிப் போனவர். கட்டிய மனைவியை ஒருநாளும் கூட்டிப் போகாதவர்.

அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலையில் இருந்த காலத்தில் பாதிக்கு மேல் சங்கரன்கோவில் - திருச்செந்தூர் தடம்தான். மொட்டை போடப் போனவர்கள், காது குத்தப் போனவர்கள், கல்யாணமான புதுசில் தோளில் சாய்ந்துகொண்டு போனவர்கள், எல்லோரையும் கடற்கரையில் இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தார். விடியுமுன் எழுந்து அம்மா கட்டிக் கொடுத்த சோற்றைக் கடலைப் பார்த்தபடி தின்றார். காலித் தூக்குவாளியைக் கொண்டுவந்து கழுவப் போட்டார். அந்தத் தூக்குவாளி பார்த்த கடலை அம்மா பார்த்ததில்லை.

கேட்டால், “லீவே கெடைக்கலியேளா” என்பார். லீவு கிடைத்த நாட்களில் சீட்டு விளையாடினார். அதுவும் எனக்குத் தெரியும்.

இன்று மத்தியானம் அதே அப்பா, ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டே, “ஆவணி ஒண்ணாந்தேதி சனிக்கிழம வருது. எல்லாரும் கடலுக்குப் போறோம். சனி போறோம், ஞாயிறு வாரோம்” என்றார்.

அண்ணன் மகாராஜன் வாடகைக்கு ஓட்டுவதற்காகப் பழைய ஏழு சீட் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். அது வாசலில் வந்து நின்றதிலிருந்து அப்பாவுக்குக் கை துறுதுறுக்கிறது. வண்டி அண்ணனுடையது. ஓட்டப்போவது அப்பா. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

“யாரு யாரு போறது?” என்றாள் அம்மா.

“நீயுந்தான். வேற யாரு?”

எதையோ எடுக்க அடுப்படிக்குப் போன அம்மா, எதையும் எடுக்காமல் திரும்பி வந்தாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வீட்டில் வேறு பேச்சே இல்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வழி சொல்கிறார், நாங்கள் ஏதோ பாலைவனத்தைக் கடக்கப் போவதுபோல.

“திருநெல்வேலி டவுனுக்குள்ள நுழையப்படாது. வெளியோட போயி, ஸ்ரீவைகுண்டம் தாண்டி, ஆழ்வார்திருநகரில ஒரு டீ. அங்கன மாஸ்டருக்கு என்னயக் கண்டா உசுரு.”

“நீங்க ரிட்டேர் ஆகி எம்புட்டு வருசமாச்சு? அந்த மாஸ்டர் இருக்காரா, போய்ச் சேந்துட்டாரா?” என்றான் அண்ணன்.

“ஏலே, டிரைவருக்கு டீ ஓசி. ஓசியில குடிச்சவனத் திட்டுததுக்காவது அவன் இருப்பாம்லே.”

மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மதினி பொன்மலர் அண்ணனின் மனைவி. கோவில்பட்டிக்காரி. கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. “விசேஷம் ஒண்ணுமில்லயா?” என்று அவளைக் கேட்காதது இந்தத் தெருவில் நாய்கள் மட்டும்தான்.

அம்மா பீரோவைத் திறந்து சேலைகளைக் கட்டிலில் பரப்பினாள். “கடல்ல எறங்கணும்னா எதக் கட்டணும்?”

“எதக் கட்டுனாலும் நனையத்தான் செய்யும் அத்த.”

“நனையட்டும். சட்டுனு காயுததா பாரு.”

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு மிளகாய்ப்பொடி இடிக்கும் வேலை கொடுத்தாள். தும்மித் தும்மி இடித்தேன். சனிக்கிழமைக்கு மில்லில் லீவு சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கடல் தனியாக வராது என்று நினைத்தேன். அப்படியே ஆயிற்று.

எங்கள் குலசாமி கரையடி சாஸ்தா. உடன்குடிக்கு அந்தப் பக்கம், செம்மண் தேரிக்காட்டுக்குள், பனைகளுக்கு நடுவில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு ஆண்கள் மட்டும் போய்விட்டு, முழங்கால் வரை சிவப்பாகத் திரும்பி வருவார்கள். இப்போது அந்தச் சாமி எங்கள் பயணத்துக்குள் ஏறிவிட்டது.

“அவ்வளவு தூரம் போயிட்டு அவரப் பாக்காம வந்தா நல்லாருக்காது. மலரு கையால ஒரு பொங்கல் வைப்போம். அடுத்த வருசம் ஒரு ஆளு கூட ஏத்திட்டு வருவோம்” என்றார் அப்பா.

மதினி தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகச் சனிக்கிழமை முழுக்கச் சாமிக்கு. கடலுக்கு ஞாயிறு காலையில் கொஞ்ச நேரம். “அதுவும் வெயிலு வாரதுக்குள்ள” என்று வேறு சொன்னார். அம்மா அதற்கும் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் என்றாலும் கடல் கடல்தானே என்றாள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு எங்காவது முட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாவாட்டிக்கொண்டிருந்த அம்மா, கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “உனக்கு எப்பம்?”

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, “எது எப்பம்?” என்றேன்.

“ஏளா, காலங்காத்தால படுத்தாத. எப்பம் தூரம்?”

சாஸ்தா விஷயத்தில் எங்கள் வீட்டுச் சட்டம் இது. வண்டியில் ஒருத்தி தூரமாக இருந்தால் வண்டியே தீட்டு. அதில் வந்த ஆண், பெண், பொங்கல் பானை எதுவும் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. அப்பா இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். “கேட்டுக்கோ” என்று அம்மாவிடம் கண்ணைக் காட்டுவார். அம்மா கேட்பாள்.

எனக்கு அந்த வாரம்தான் வரும். சொன்னேன்.

“அப்ப மாத்திர போட்டுரு.”

தள்ளிப்போடும் மாத்திரை. கல்யாணம், கோயில் கொடைத் திருவிழா, கிரகப்பிரவேசம், எதற்கும் எங்கள் தெருவில் பூ வாங்குவதற்கு முன்னால் அதைத்தான் வாங்குவார்கள். போன மாதம் அம்மா பிறந்த ஊர்க் கோயில் கொடைக்கு மதினி போட்டாள். நிறுத்திய பிறகு வரவேண்டியது இன்னும் வரவில்லை.

“அது அப்படித்தான் தள்ளும். எப்பம் வேணும்னாலும் வந்து நிக்கும். அதனால நீ இன்னைக்கே ஆரம்பிச்சிரு மலரு” என்றாள் அம்மா.

மதினி, “சரி அத்த” என்றாள்.

அவள் எப்போதும் அப்படித்தான். போன வருஷம் சில நாள் தள்ளிப் போயிற்று என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா சாயங்காலத்துக்குள் அத்தைமார், பெரியம்மாமார் எல்லோருக்கும் போன் போட்டுவிட்டாள். அந்த வாரமே வந்துவிட்டது. விசாரிக்க வந்தவர்களுக்கு மதினியே காப்பி போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் தன் உடம்பைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை.

“உங்களுக்கு?” என்று அம்மாவைக் கேட்டேன்.

“எனக்குத்தான் விடுதல ஆயிட்டுல்லா” என்று சிரித்துவிட்டுக் கிரைண்டரைப் போட்டாள்.

ஆகஸ்ட் 10, சனி

மாத்திரையை வாங்கி வந்தது அப்பா.

நாப்கின் வாங்கி வரச் சொன்னால் காது கேட்காதவர்போல் போகிறவர், சைக்கிளை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போய், டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல் இரண்டு அட்டை வாங்கி வந்தார். அதைச் சாமிப் படத்துக்கு முன்னால், திருநீற்றுத் தட்டில் வைத்தார். மதினி அங்கிருந்து எடுத்துத்தான் போட வேண்டும்.

நான் வேலை பார்க்கும் நூல் மில்லில் ஒரு டப்பா இருக்கிறது. சூப்பர்வைசர் மேசையில். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றால் போதும், அந்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து, “போட்டுட்டு மெஷினுக்குப் போ” என்பார். என்ன மாத்திரை என்று யாரும் கேட்பதில்லை. கேட்ட ஒருத்தியை நைட் ஷிப்டுக்கு மாற்றினார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த மாற்றத்தைத் தட்டச்சு செய்தவள் நான்.

மில்லில் நூலுக்காக ஒரு மாத்திரை, வீட்டில் சாமிக்காக ஒரு மாத்திரை. எங்கள் உடம்பு ஆளாளுக்கு ஓட்டிப் பார்க்கும் வாடகை வண்டி.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நான் போடவில்லை. போடமாட்டேன் என்று சொல்லியும்விட்டேன்.

“போடாட்டா வராத” என்றாள் அம்மா.

“நான் வரணும். கடலப் பாக்கணும். மாத்திர போடமாட்டேன். மூணும் எனக்கு வேணும்.”

“ரொம்பப் படிச்சிட்டா” என்றான் அண்ணன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நீ வேணா ரெண்டு போட்டுக்கோ” என்றேன். மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் முறைத்ததும் அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளிருந்து குமட்டுகிற சத்தம் கேட்டது. கடுகு தாளித்த வாடை பிடிக்கவில்லையாம். பார்த்தீர்களா, மாத்திரை அவளை என்ன பாடு படுத்துகிறது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

“மாத்திர சூடுல்லா. மோர் குடி” என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்று அப்பாவிடம் நேராகவே பேசிவிட்டேன்.

வண்டிச் சீட்டுகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

“உங்க அம்மா எல்லாம் சொன்னா. நீ வீட்டுல இரு. கோழிக்குத் தண்ணி வைக்க ஆளு வேணும்” என்றார்.

“ஒரு விசயம் கேக்கணும்ப்பா. வைகாசி விசாகத்துக்கு உங்க பஸ்ஸுல நிக்க எடம் இருக்காதுன்னு சொல்லுவீயல்லா?”

“படிக்கட்டு வரைக்கும் தொங்குவான்.”

“பாதிப் பேரு பொம்பளய.”

“பாதிக்கு மேலயே.”

“அந்தப் பொம்பளய பூராவும் மாத்திர போட்டுட்டா உங்க பஸ்ஸுல ஏறுனாக?”

அப்பாவின் கை நின்றது. நான் விடவில்லை.

“டிக்கெட் குடுக்கும்போது கண்டக்டர் கேட்டாரா? வண்டி முன்னால மால போட்டுத்தானே ஓட்டுனீய? கோயில் வாசல்லதானே கொண்டுபோய் நிப்பாட்டுனீய? எந்தச் சாமி உங்கள என்ன செஞ்சுது? பென்சன் ஒழுங்காத்தானே வருது?”

“அது கெவுருமெண்டு வண்டி.”

“கெவுருமெண்டு வண்டியில ஏறுனா தீட்டு இல்லயா?”

“ஏளா, வாய மூடு.”

“மூடிக்கிடுதேன். நீங்க வண்டியில வாங்க. நான் கெவுருமெண்டு பஸ்ஸுல வாரேன். கடக்கரயில நின்னு அம்மா கைய நாந்தான் பிடிப்பேன்.”

உள்ளே வந்தபோது அம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். திட்டுவாள் என்று பார்த்தேன். “எந்த பஸ்ஸு? அது நேராப் போவுமா, திருநெல்வேலில எறங்கி ஏறணுமா?” என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 14, புதன்

அப்பா என்னோடு பேசவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினம். மில்லில் கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குமேல் லீவு.

அண்ணன் வண்டியைக் கழுவினான். அப்பா பக்கத்தில் நின்று, துடைத்த இடத்தையே மறுபடி துடைக்கச் சொன்னார். அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினாள். எனக்கும் மதினிக்கும் மாவைத் தட்டும் வேலை. மதினி இரண்டு தட்டிவிட்டு எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து, முகத்தில் தண்ணீர் சொட்ட, மூன்றாவதைத் தட்டினாள்.

“மாத்திரைய நிறுத்துங்க மதினி. நான் நிறுத்தல? என்ன ஆயிப்போச்சு?”

“நீ மக. சண்ட போடலாம்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “கோமதி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இந்த மெடிக்கல்ல...” என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் அம்மா பாகுச் சட்டியோடு வந்துவிட்டாள்.

“என்ன மதினி?”

“ஒண்ணுமில்ல. பெறவு சொல்லுதேன்.”

சாயங்காலம் எனக்கு வந்துவிட்டது. ஒளிக்கவில்லை. துணியைத் துவைத்து வாசலுக்கு நேரே கொடியில் காயப்போட்டேன். அப்பா அதைச் சுற்றிக்கொண்டு போனார். திருச்செந்தூர் பஸ் எப்போது கிளம்பும் என்று விசாரித்து வைத்துவிட்டேன். மதினி என்ன கேட்க வந்தாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வண்டிக்குச் சந்தனம், குங்குமம். நெற்றியில் பெரிய செவ்வந்தி மாலை. உள்ளே கண்ணாடியில் சாஸ்தாவுக்கு எடுத்த பட்டுத்துண்டைக் கட்டியிருக்கிறார்கள். பொங்கல் பானை, வெல்லம், அரிசி, அம்மாவின் சேலை, எல்லாம் பின் சீட்டில். எனக்கு ஒரு துணிப்பை, தனியாக, திண்ணிய கயிற்றால் கட்டி. அம்மா அதற்குள் ஒரு பொட்டலம் புளிச்சோறு வைத்திருக்கிறாள். சொல்லவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

மதினி சீக்கிரமே படுத்துவிட்டாள். இடுப்பு வலிக்கிறதாம். நாள் முழுக்க நின்றால் வலிக்காமல் என்ன செய்யும்.

ஆகஸ்ட் 17, சனி

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

காலையில் எல்லோரும் குளித்துக் கிளம்பிவிட்டார்கள். அம்மா புதுச்சேலை. அண்ணனும் அப்பாவும் வேட்டி. அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார். மற்ற மூவரும் ஏற வேண்டியதுதான் பாக்கி. நான் என் பையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் புறப்பட்டேன். அப்போது மதினி குளியலறையிலிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவைக் கூப்பிட்டு மெல்ல ஏதோ சொன்னாள். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

அப்பா வண்டிக்குள்ளிருந்து, “என்னவாம்?” என்றார்.

“மலருக்கு வந்துட்டாம்.”

அப்பா முதலில் சொன்ன வார்த்தை இதுதான்: “மாத்திரைய ஒழுங்காப் போடலியோ?”

அடுத்து, “சரி, மலரு இருக்கட்டும். கோமதியும் கூட இருக்கட்டும். நாம மூணு பேரும் போயிட்டு வந்துருவோம். மால போட்ட வண்டியத் திருப்பப்படாது” என்றார்.

நான் அவர்களைப் பார்க்கவில்லை. மதினியின் காலைப் பார்த்தேன். மாதாமாதம் பார்க்கிறவள் எனக்குத் தெரியாதா, அது எப்படி இருக்கும் என்று? இது அது இல்லை. பாதம் வரை வழிந்து, தரையில் அவள் நின்ற இடமெல்லாம் ரத்தம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்காரப் போனாள். நான் போய்த் தாங்கினேன். அவள் உள்ளங்கை ஐஸ்போல இருந்தது.

“அன்னைக்கே கேக்க வந்தேன் கோமதி. புள்ள உண்டாயிருக்கான்னு பாக்குததுக்கு ஒரு கிட் வாங்கித் தருவியான்னு” என்றாள். பல் கிட்டித்தது.

அவளை இழுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். நடுச் சீட்டில் படுக்க வைத்தேன். துணி எதுவும் விரிக்கவில்லை. நானும் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். ஒன்றுக்கு இரண்டு தீட்டு.

“ஆஸ்பத்திரிக்கு எடுங்க” என்றேன்.

அப்பா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பட்டுத்துண்டைப் பார்த்தார். கீழே டயருக்கு வைத்த எலுமிச்சம்பழம். அண்ணன் வெளியே நின்று அப்பாவின் முகத்தையும் மதினியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு அவன் மனைவிக்காக வண்டி எடுக்கவும் அப்பா சொல்ல வேண்டும்.

“ஆட்டோ ஒண்ணு...” என்று அப்பா ஆரம்பித்தார்.

அம்மா முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட்டிலிருந்த தேங்காய் பழத் தட்டைச் சன்னல் வழியாகத் தெருத் திட்டில் வைத்தாள். “எடுக்கீயளா, இல்ல நான் தெருவுல நின்னு கத்தட்டா?” என்றாள்.

அப்பா எடுத்தார்.

ஓட்டியதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு பள்ளத்திலும் வண்டி குலுங்கவில்லை. ஒரு வேகத்தடையிலும் மதினியின் தலை என் மடியை விட்டு நகரவில்லை. இத்தனை பக்குவமாக ஓட்டத் தெரிந்த மனிதன்தான் “மாத்திரைய ஒழுங்காப் போடலியோ” என்று கேட்டது. எனக்கு அந்தப் பக்குவத்தின்மேலும் கோபம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கிழவர் மாலையைப் பார்த்துவிட்டு எங்கள் வண்டியைக் கும்பிட்டார்.

பெண் டாக்டர். சின்ன வயசு. கடைசியாக எப்போது என்று கேட்டார். மதினி ஆனி மாதத்துக்கு முந்தியதைச் சொன்னாள். நடுவில் ஏன் யாரும் பார்க்கவில்லை என்று கேட்டார். “கொடைக்கு மாத்திர போட்டேன். அதனாலதான் தள்ளுதுன்னு...” என்றாள். இப்போது ஏதாவது போட்டாயா என்று கேட்டார். அம்மா பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். பத்து வாரத்துப் பிள்ளை. துடிப்பு நின்றுபோய்விட்டது.

“இந்த மாத்திரையாலயா டாக்டர்?” என்று நான்தான் கேட்டேன்.

“அப்படிச் சொல்ல முடியாதும்மா. இது பல காரணத்தால ஆகும். ஆனா இதக் கொடுக்கிறதுக்கு முன்னாடி கர்ப்பமா இல்லையான்னு பார்த்திருக்கணும். பார்த்திருந்தா போன மாசமே தெரிஞ்சிருக்கும். நாங்க ஏதாவது செய்ய முடிஞ்சுதான்னாவது பார்த்திருப்போம். யார் எழுதிக் கொடுத்தது?”

 அண்ணன் சுவரோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். “இந்தப் புள்ளயக் கேக்கத்தானம்மா அவ்வளவு தூரம் கெளம்புனோம்” என்றான். அம்மா அவன் தலையில் கை வைக்கப் போனாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு மதினியிடம் போனாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மதினி உள்ளே தூங்குகிறாள். வயிற்றைச் சுத்தம் செய்தாகிவிட்டது. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்.

அம்மா கஞ்சி கொண்டுவந்தாள். அப்பா விடியும்போதே போய்விட்டாராம். சீட்டு உறைகளைக் கழற்றி எரித்துவிட்டு, வண்டியை மஞ்சள் தண்ணீரால் கழுவி, புது மாலை வாங்கிப் போட்டு, தனியாக.

“எங்க?”

“சாஸ்தா கோயிலுக்கு. மால போட்ட வண்டி தீட்டாயிட்டுல்லா. மன்னாப்பு கேட்டுட்டு வாரேன்னு போயிருக்காக.”

அம்மா இதைச் சொன்ன விதத்தை எழுதத் தெரியவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிறவள்போலச் சொன்னாள். பிறகு கஞ்சியை ஆற்ற ஆரம்பித்தாள்.

அண்ணனிடம், “உன் வண்டிதானே, ஏன் சாவியக் குடுத்த?” என்றேன். “அவரு கேட்டாரு” என்றான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மதினியை ஆட்டோவில் கூட்டி வந்தோம். நடு ரூமில், மின்விசிறிக்கு நேர்கீழே கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தேன். பின்கட்டில் பாய் விரிக்கலாம் என்று பெரியம்மா போனில் சொன்னாளாம். அம்மா போனை வைத்துவிட்டாள்.

அப்பா மத்தியானம் வந்தார். கால் முழுக்கத் தேரி மண். கையில் திருநீற்றுப் பொட்டலம், இன்னொரு கையில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலில் கலங்கலாக ஏதோ.

“கடத்தண்ணி. வீடு பூராவும் தெளிச்சிரு. மலரு படுத்த எடத்துலயும் தெளி” என்று அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா வாங்கினாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தாள்.

“எனக்குக் கொண்டாந்த கடலு இதானா?” என்றாள்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா முற்றத்துக்குப் போய்ப் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் நின்று ஊற்றினாள். பாட்டிலைப் பழைய சாமான் மூட்டையில் போட்டுவிட்டு, “அடுத்த மாசம் நானும் மலரும் கோமதியும் பஸ்ஸுல போறோம். எவளுக்கு எது வந்தாலும் போறோம்” என்றாள். யாரிடமும் அனுமதி கேட்கிற குரலில் இல்லை. அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அப்பா திருநீற்றை என் பக்கம் நீட்டினார். “மலரு நெத்தியில பூசிவிடு.”

நான் வாங்கவில்லை.

“சாமிகிட்ட மன்னாப்பு கேட்டீயளா?”

“கேட்டேன். விழுந்து கும்புட்டுக் கேட்டேன்.”

“எதுக்குக் கேட்டீய?”

“எதுக்குன்னா? தீட்டுப் பட்டதுக்குத்தான்.”

“தேரிக்காடு வரைக்கும் வண்டி ஓட்டிட்டுப் போயிக் கேட்டிருக்கீய. மதினி அடுத்த ரூம்புலதான் இருக்காக. நாலு எட்டு நடந்தாப் போதும். போய்க் கேளுங்க.”

அப்பா அந்தப் பக்கம் பார்த்தார். மதினி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். முகத்தைத் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

அப்பா பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்தார். துண்டை எடுத்துக் காலில் ஒட்டிய செம்மண்ணைத் துடைத்தார். ஒரு காலைத் துடைத்துவிட்டு அடுத்த காலைத் துடைத்தார். மண் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“போய்க் கேளுங்கப்பா” என்றேன், மறுபடியும்.